டிப்ளமோ முதல் டாக்டர் பட்டம் வரை



“டிப்ளமோ முடிச்சா வேலை. அதுக்கு மேல எதுக்குப் படிப்பு?” நம்மில் பலர் வீட்டில் கேட்கும் கேள்வி இது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பா ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒருநாள் சொன்னார்: “உப்புத் தண்ணியில ஊறப்போட்டா கல்லு வெள்ளையா பூத்துப் போகுதுடா. முன்னாடி நம்ம கிணத்துத் தண்ணி இப்படி இல்ல.”

ஏன் மாறியது? எவ்வளவு மாறியது? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆசிரியரிடம் கேட்டேன். “தம்பி, இதுக்குப் பேருதான் ஆராய்ச்சி. இதைப் படிச்சுப் பட்டமே வாங்கலாம்” என்றார். அதன்பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆராய்ச்சிப் பட்டம் என்றால் என்ன?

நாம் இப்போது படிப்பது, பிறர் கண்டுபிடித்ததை. ஆராய்ச்சிப் பட்டத்தில் இதுவரை யாரும் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எடுத்து, அளந்து, சோதித்து, பதிலை நாமே எழுத வேண்டும். உதாரணமாக அப்பாவின் கேள்வியையே எடுப்போம். பத்துக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்து, கரைந்துள்ள உப்பை அளக்க வேண்டும். இந்தியத் தரப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம். நம் கிணறு எங்கே நிற்கிறது, ஊருணி நிரம்பினால் குறைகிறதா என்று பார்ப்பதுதான் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி.

படிகள் எவை?

முதல் படி, நேரடி இரண்டாமாண்டு பி.இ. இதற்கான கவுன்சிலிங் பல ஆண்டுகள் நடந்தது எங்கே தெரியுமா? நம்ம காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில்தான்! மூன்று வருஷத்தில் பி.இ. முடிந்துவிடும்.

இரண்டாவது படி, ‘கேட்’ தேர்வு எழுதி எம்.இ. சேருவது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆய்வு மையமே இருக்கிறது. பாடத்தைவிட ஆராய்ச்சியே பிடிக்கும் என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்ற ஆராய்ச்சிப் பட்டம் உண்டு. அதில் பாடங்கள் கொஞ்சம், ஆய்வேடுதான் முக்கியம். முன்பு எம்.ஃபில். என்று ஒரு படிப்பு இருந்தது. யு.ஜி.சி. 2022-இல் அதை நிறுத்திவிட்டது.

மூன்றாவது படி, பி.எச்டி. இதற்குக் குறைந்தது மூன்று வருஷம், சாதாரணமாக ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். 2022 விதிகளின்படி, நான்கு வருஷப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் எம்.இ. இல்லாமலே பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம்.

நம்ம ஊர் ஆராய்ச்சி

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டுமா? நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற சிக்ரியைப் பாருங்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அங்கே மின்சாரத்தால் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. அலுமினியத் தகடுகளைத் தண்ணீரில் நிறுத்தி டி.சி. மின்சாரம் பாய்ச்சினால் ஒரு தகடு மெல்லக் கரையும். அது தண்ணீரில் பஞ்சு மாதிரி திரளும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதில் ஒட்டிக்கொள்ளும். அதை வடிகட்டி எடுத்துவிடலாம். எத்தனை ஆம்பியர், எவ்வளவு நேரம், ஒரு குடத்துக்கு என்ன செலவு? லேபில் மீட்டர் பார்த்துப் பழகிய நமக்கு இந்தக் கேள்விகள் புதிதா என்ன?

காசுக்கு என்ன செய்வது?

இதுதான் நம் வீடுகளின் உண்மையான கேள்வி. குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்றால், 2010-இல் தமிழக அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. அதற்கான சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘கேட்’ தேறி எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் (2023 முதல்). ஆனால் உதவித்தொகை சில சமயம் தாமதமாக வரும், ஆராய்ச்சி இழுத்துக்கொண்டே போகும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது எனக்கு 18. பி.இ. முடிக்கும்போது 21, எம்.இ. முடிக்கும்போது 23, டாக்டர் பட்டம் வாங்க எப்படியும் 26 ஆகிவிடும். கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலைக் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. தங்கச்சி பத்தாவது படிக்கிறாள். மே மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தச் சர்டிபிகேட்டுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?” என்று மட்டும் கேட்டார். வேலைக் கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவும் இல்லை.

நண்பர்களே, எல்லோரும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போவது தாழ்ந்ததும் இல்லை. ஆனால் வழி தெரியாத காரணத்தால் மட்டும் யாரும் பாதியில் நின்றுவிடக் கூடாது. படி இருக்கிறது. ஏறுவதா வேண்டாமா என்பது அவரவர் வீட்டு நிலைமை. முயற்சி திருவினையாக்கும்!

– இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு