அம்மாவின் முழங்காலும் நான் மொழிபெயர்க்காத வசனமும்

நோத்ர-டாம்-த-கிரேஸில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே பல வீடுகளில் படிக்கட்டு வெளியில்தான் இருக்கும். எங்கள் அம்மா இருக்கும் மேல்வீட்டுக்குப் பதினேழு படி. இருபது வருசமாக மரக்கறிப் பையோடு ஏறி இறங்கியவர். ஒரு பின்னேரம் மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போனபோது, அம்மா கீழே இறங்கி வரவில்லை. மேலே நின்று கையசைத்தார். அடுத்த நாளும் அப்படித்தான்.

"என்னம்மா, கால் நோகுதா?"

"சீ, சும்மா ஒரு பிடிப்பு."

அந்த "சும்மா" இரண்டு வருசமாக இருந்ததாம். படியில் பக்கவாட்டாக இறங்கியிருக்கிறார். கோயிலில் நிலத்தில் இருப்பதை விட்டிருக்கிறார். இரவில் திரும்பிப் படுக்கும்போது விழித்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நம் அம்மா அப்பாமாருக்கு நோவை மறைக்கிறது ஒரு பழக்கம். பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாதாம்.

என்னதான் தேய்கிறது?

"எலும்பு தேஞ்சு போச்சு" என்று சொல்லுவோம். உண்மையில் முதலில் தேய்வது எலும்பின் நுனியை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு. அது போனதும் எலும்போடு எலும்பு உரசும். எடைக் குறைப்பு, தசைப் பயிற்சி, மாத்திரை, ஊசி என்று எல்லாம் செய்தும் நடையும் நித்திரையும் கெட்டால்தான் மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிக் கதைப்பார்கள்.

இன்றைய இடுப்பு மாற்றுக்கு வழி போட்டவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் வேலை செய்த ஜோன் சார்ன்லி. 1962இல் உலோகப் பந்தும் பொலிஎதிலீன் கிண்ணமும் சேர்ந்த மூட்டை அவர் பொருத்தத் தொடங்கினார். முழங்காலில் முழு எலும்பையும் எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியையும் சீவி, உலோக மூடி போட்டு, நடுவில் பிளாஸ்ரிக் தட்டு வைப்பார்கள். "அப்ப முழங்காலைக் கழட்டி எறியிறேல்லையா?" என்று அம்மா கேட்டார். அந்தப் பயம்தான் அவரை இரண்டு வருசம் வாய் திறக்க விடவில்லை.

காத்திருப்பு

கெபெக்கில் இந்தச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கக் காப்புறுதி பணம் கட்டும். ஆனால் வரிசை உண்டு. இடுப்பு, முழங்கால் மாற்றுக்கு 26 கிழமை என்று கனடா 2005இல் ஓர் அளவுகோல் வைத்தது. எல்லோருக்கும் அதற்குள் நடப்பதில்லை. அம்மாவுக்குப் பத்து மாதம்.

இந்த வரிசைக்கு எங்கள் நகரத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. மொன்றியலைச் சேர்ந்த ஜோர்ஜ் செலியோற்றிஸ் என்பவருக்கு 1994இல் ஓர் இடுப்பிலும் 1997இல் மற்ற இடுப்பிலும் சத்திரசிகிச்சை நடந்தது. காத்திருந்த நோவைத் தாங்க ஏலாமல், வைத்தியர் ஷாக் ஷவுலியோடு சேர்ந்து அவர் வழக்குப் போட்டார். 2005 ஜூன் 9இல் கனடா உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பொது வைத்தியத்தில் நீண்ட வரிசை இருக்கும்போது தனியார் காப்புறுதியைத் தடுப்பது கெபெக் உரிமைச் சாசனத்துக்கு முரண் என்றது. அடுத்த வருசம் கெபெக் சட்டத்தை மாற்றி, இடுப்பு, முழங்கால், கண்புரைச் சத்திரசிகிச்சைகளுக்குத் தனியார் காப்புறுதியை அனுமதித்தது. அது பொது வைத்தியத்தைப் பலவீனப்படுத்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காதீர்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தினால் பிறகு எழும்புவது லேசு. நீரிழிவு இருந்தால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் காயம் ஆறாது, கிருமித் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். பழுதான பல் இருந்தால் முதலே பாருங்கள்.

நான் விட்ட பிழை

வைத்தியரைச் சந்திக்கப் போனபோது நான்தான் மொழிபெயர்ப்பாளர். சின்ன வயதிலிருந்து எங்களுக்குப் பழகிய வேலைதானே. வங்கிக் கடிதம், வாடகைப் பத்திரம், எல்லாம் நாங்கள்தான் வாசித்துச் சொன்னோம்.

வைத்தியர் நல்லதையும் சொன்னார், கெட்டதையும் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு நோவு நன்றாகக் குறையும். ஆனால் முழங்கால் மாற்றிய ஐந்து பேரில் ஒருவருக்குத் திருப்தி இருக்காது என்றார். அது வெறும் பேச்சில்லை. ஒன்ராறியோவில் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றிலும் ஏறத்தாழ 19 சதவீதத்தினர் அப்படித்தான் சொன்னார்கள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம்?"

"எல்லாம் நல்லா வருமாம் அம்மா."

அந்த ஒரு வசனத்தை நான் விட்டுவிட்டேன். பயந்து வேண்டாம் என்று விடுவாரோ என்ற பயம்.

செப்டெம்பரில் சத்திரசிகிச்சை. அன்று பின்னேரமே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த பிழையும் என்னுடையதுதான். பயிற்சி செய்யும்போது அம்மா அழுதார். நான் "இண்டைக்குப் போதும் அம்மா" என்று நிறுத்தினேன். பார்க்க வந்த மாமிமாரும் "பாவம், படுக்கட்டும்" என்றார்கள். முழங்காலுக்குக் கீழே தலையணையும் வைத்துக் கொடுத்தோம்.

மூன்றாம் கிழமை பிசியோ அளந்து பார்த்தார். முழங்கால் 70 பாகைதான் மடிந்தது. படி ஏறவும் கதிரையில் இருந்து எழும்பவும் 90 பாகை அளவாவது தேவை. முதல் கிழமைகளில் மடக்காவிட்டால் உள்ளே தழும்பு இறுகும். பிறகு மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வரலாம் என்றார். தலையணையையும் எடுக்கச் சொன்னார். அது காலை மடிந்தபடியே இறுகப் பண்ணும். குதிக்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்தால்தான் கால் நேராகும்.

அதன் பிறகு நோவு மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்தோம். மகள் பக்கத்தில் இருந்து எண்ணுவாள். கிறிஸ்மஸ் வரும்போது 105 பாகை.

ஆனால் ஜனவரியில் ஒரு இரவு அம்மா இருட்டில் குசினியில் இருந்தார். "நாலு மாசம் ஆச்சு, இன்னும் சூடா இருக்கு, நோகுது. எனக்குப் பிழைச்சுப் போச்சு போல. நீ எல்லாம் நல்லா வரும் எண்டாய்."

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். வீக்கமும் சூடும் பல மாதம் இருக்கலாம் என்பதையும், முழுதாகத் தேற ஒரு வருசம் கூட எடுக்கும் என்பதையும், ஐந்தில் ஒருவர் கதையையும். அம்மா கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சொல்லியிருந்தாலும் நான் செய்திருப்பன். ஆனா இந்த நாலு மாசம் என்ரை பிழை எண்டு நினைச்சுக் கொண்டிருந்திருக்க மாட்டன்."

நான் அதை மறக்கவில்லை. நம் பெற்றோருக்கு மொழி தெரியாதிருக்கலாம். தாங்கும் தைரியம் எங்களை விடக் கூட. முடிந்தால் வைத்தியசாலையிடம் முன்கூட்டியே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நீங்களே செய்வதானால் ஒரு வசனமும் விடாமல் சொல்லுங்கள்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியவை

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். இடுப்பு மாற்றியவர்கள் பதிந்த கதிரையில் இருப்பது, கால்மேல் கால் போடுவது, குனிந்து சப்பாத்துப் போடுவது எல்லாம் எவ்வளவு காலம் கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள். அவர் எந்தப் பக்கத்தால் வெட்டினார் என்பதைப் பொறுத்து அது மாறும். கழிவறை இருக்கையை உயர்த்துங்கள். நிலக்கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள். வாக்கர் போன்றவற்றை இரவல் வாங்கலாமா என்று உங்கள் சிஎல்எஸ்சியில் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அது மொங்க்லண்ட் வீதியில் உள்ள பெனி ஃபார்ம்.

காயத்தால் நீர் வடிதல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் சிவப்பு என்றால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் நோவும் என்றால் அன்றே காட்டுங்கள், இரத்தம் கட்டியிருக்கலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ 911. சந்தேகம் என்றால் 811இல் தாதி ஒருவர் பேசுவார். ஊருக்குப் பறக்கும் திட்டத்தையும் வைத்தியரிடம் கேட்டே போடுங்கள்.

எவ்வளவு காலம் உழைக்கும்? 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுகளின்படி 25 வருசம் கழித்தும் முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 சதவீதமும் இடுப்பு மாற்றுகளில் 58 சதவீதமும் தாக்குப் பிடிக்கின்றன.

இப்போது

அம்மாவால் சம்மணம் கட்டி இருக்க ஏலாது. திருவலையில் குந்தித் தேங்காய் திருவவும் ஏலாது. டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் முதல் தரம் கதிரை கேட்டபோது அவருக்கு வெட்கம். பிறகு சுற்றிப் பார்த்தால், கதிரை வரிசையில் எல்லாம் தெரிந்த முகங்கள்.

"உங்களுக்கு எந்தக் கால்?" என்று ஒரு அம்மா கேட்டார். பூசை முடியும்வரை இரண்டு பேரும் அதைத்தான் கதைத்தார்கள்.

பதினேழு படியும் அப்படியே இருக்கிறது. பள்ளி விடும் நேரத்துக்கு அம்மா கீழே வந்து நிற்கிறார். உங்கள் அம்மா அப்பா படியில் எப்படி இறங்குகிறார்கள் என்று இந்தக் கிழமை ஒருக்கால் பாருங்கள். "சும்மா" என்று சொன்னால் நம்பாதீர்கள்.