கோழிக்கு மூஞ்சி வீங்கினா: மருந்துக்கு முன்னாடி ரெண்டு கேள்வி

"சீக்குக் கோழி மாதிரி தூங்கி வழியாதே" என்று திட்டுவோம் இல்லையா? அந்தத் திட்டில் சரியான கவனிப்பு இருக்கிறது. இறக்கையைத் தொங்கப் போட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கிற கோழிக்கு நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். கோழி தன் நோயை முடிந்தவரை வெளியே காட்டாது. அதனால்தான் "நேத்து நல்லாத்தானே மேய்ஞ்சுது" என்று எல்லாருமே சொல்கிறோம்.

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற தூரத்திலேயே வீட்டுக்கு நாலைந்து நாட்டுக்கோழி மேயும். அதில் ஒன்றுக்குத் திடீரென்று வீக்கம் வந்தால் வழக்கமாக மூன்று விஷயம் நடக்கும். வீட்டில் கிடக்கிற மாத்திரையைப் பொடி பண்ணிக் கொடுப்பார்கள். இல்லையென்றால், "சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்பார்கள். அதுவும் இல்லையென்றால், மிச்சக் கோழிகளை அவசரமாக வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். மூன்றுமே தப்பாக முடியலாம். அதற்கு முன்னால் ரெண்டு கேள்வி கேட்கணும்: வீக்கம் எங்கே? சீக்கு ஒரு கோழிக்கா, பல கோழிக்கா?

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே பந்து மாதிரி இருந்தால் அது தீனிப்பை. சாயங்காலம் அது புடைத்திருப்பது இயல்பு, தின்றதைச் சேர்த்து வைத்திருக்கிறது. ராத்திரி தீனி இல்லாமல் இருந்தும் காலையில் அது காலியாகவில்லை என்றால்தான் பிரச்சினை. தொட்டால் கெட்டியாக இருந்தால் நீளமான புல், நூல், பிளாஸ்டிக் எதாவது அடைத்திருக்கலாம். தொளதொளவென்று இருந்து வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே தீனி நொதித்துவிட்டது. தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, மெதுவாகத் தடவிவிடலாம். ஒரு நாளில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போகணும். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் கோழி அங்கேயே செத்துவிடும்.

தோலுக்கடியில் பலூன் மாதிரி உப்பி, அழுத்தினால் காற்று நகர்வது தெரிந்தால், நாயோ பூனையோ கவ்வியதில் உள்ளே இருக்கிற காற்றுப்பை கிழிந்திருக்கலாம். மருத்துவர் சுத்தமான ஊசியால் காற்றை வெளியேற்றுவார். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம் இருந்தால் முள்ளோ கல்லோ குத்தின இடத்தில் சீழ் பிடித்திருக்கிறது. இந்த மூன்றும் ஒரு கோழியோடு முடிகிற விஷயம், அக்கம்பக்கத்துக் கோழிக்குத் தொற்றாது.

முகத்தில் வீக்கம் வந்தால் கதை வேறு.

கொண்டை, கண் ஓரம், அலகு ஓரம் என்று மரு மாதிரிக் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டினால் அது அம்மை. இது வைரஸ் நோய், கொசு பரப்பும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணி தேங்கி நிற்கிற ஊர்களில் அதிகம் பார்ப்பது அதனால்தான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவார்கள். புண்ணில் வேறு கிருமி சேராமல் இருக்க அது உதவலாம், ஆனால் வைரஸைக் கொல்லாது. பெரும்பாலும் மூன்று, நான்கு வாரத்தில் தானே ஆறிவிடும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் வந்தால்தான் ஆபத்து.

கண்ணுக்குக் கீழே வீங்கி, கண் மூடிப்போய், மூக்கில் நாற்றமடிக்கிற சளி வந்தால் தொற்றுச் சளி நோயாக இருக்கலாம். இது பாக்டீரியாவால் வருவது, ரெண்டு மூன்று நாளில் கூட்டம் முழுக்கப் பரவும். மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் குணமான கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அதனால் புதுக் கோழி வாங்கி வந்தால் ரெண்டு வாரமாவது தனியாக வைப்பது நல்லது. தாடி மட்டும் சிவந்து வீங்கினால் கோழிக் காலராவையும் சந்தேகிக்கணும். 1879 வாக்கில் லூயி பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பூசி உருவாக்கியது இந்த நோயை வைத்துத்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி. தலை முழுக்க வீங்கி, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, காலில் ரத்தத் திட்டு தெரிந்து, ஒன்றிரண்டு நாளில் பல கோழிகள் சாகிறதென்றால் அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்துத் திருகல் என்றால் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிகேட் நோய். வெறும் கண்ணால் பார்த்து இது ரெண்டையும் பிரிக்க மருத்துவராலேயே முடியாது. ஆய்வுக்கூடம்தான் சொல்லணும்.

பறவைக் காய்ச்சல் எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. இந்தியாவில் எச்5என்1 முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதியானது. 2024 பிப்ரவரியில் நமக்கு வடக்கே நெல்லூர் மாவட்டத்தில் வந்தது. நடுவில் இருப்பது பழவேற்காடு ஏரி. அங்கே வந்து போகிற நீர்ப்பறவைகளில் சில வகை, நோய் தெரியாமலே இந்த வைரஸைச் சுமக்கக் கூடியவை.

"சாகறதுக்குள்ள அறுத்துடலாம்" என்பது ஏன் ஆபத்து என்று இப்போது புரியும். நன்றாக வெந்த கறியில் இந்த வைரஸ் பிழைக்காது. அறுப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது, இந்த வேலைகளில்தான் ரத்தமும் சளியும் கையிலும் மூச்சிலும் படும். அந்த வேலையைச் செய்கிறவர் வீட்டில் அம்மாவோ ஆயாவோ, பக்கத்தில் நிற்பது குழந்தை. விற்றுவிட்டால் அதே ஆபத்தை இன்னொரு தெருவுக்கு அனுப்புகிறோம்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீக்குக் கோழியைத் தனிக் கூடையில், நிழலில், தண்ணீரோடு வையுங்கள். நல்ல கோழிகளை முதலில் கவனித்துவிட்டு இதைக் கடைசியில் தொடுங்கள், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பல கோழிகள் சாகிறதென்றால் அறுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், செத்ததைக் கால்வாயில் எறியவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். எப்போது ஆரம்பித்தது, எத்தனை கோழி, எச்சம் என்ன நிறம், கடைசியாக எப்போது புதுக் கோழி வந்தது என்று குறித்து வைத்திருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. வைரஸ் நோய்க்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கொடுத்த மருந்து முட்டையில் இறங்கி நம் தட்டுக்கு வரும், கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கொலிஸ்டின் மருந்தைக் கோழி உள்ளிட்ட உணவு விலங்குகளுக்குத் தரக்கூடாது என்று 2019-ல் மத்திய அரசு தடை போட்டது இதற்காகத்தான். மருத்துவர் எழுதினால் மட்டும் கொடுங்கள், எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்த நோய், அடுத்த ஓரிரு ஆண்டிலேயே இமயமலை ஊரான ராணிகேட்டில் தெரியவந்து அந்தப் பெயரை வாங்கியது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. "நாலு கோழிதானே, இதுக்குப் போய் ஊசியா" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அந்த நாலு கோழிதான் பல வீட்டில் அவசரச் செலவுக்குக் கைக்காசு.