செயற்கை இதய வால்வும் இரத்த உறைவும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அத்தெருவின் இரைச்சலில் ஒருவர் மார்பிலிருந்து எழும் ‘டிக், டிக்’ என்னும் ஒலி எவர் செவியிலும் விழாது. இரவில் தலையணையில் சாய்ந்தபின் அவருக்கே அது கேட்கும். உலோக வால்வு மூடும் ஒலி அது. அவ்வொலி மங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருத்தல் தகாது.

முடக்குக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கென இதே நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் குழுவினரும் ஒரு வால்வை உருவாக்கினர். மூன்று மாதிரிகள் தோல்வியுற்றன. நான்காவது, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது. உலோகக் கலவைக் கூட்டினுள் பிளாஸ்டிக் வட்டு சாய்ந்து திறப்பது அதன் அமைப்பு.

எத்துணைச் சிறந்த வால்வாயினும் குருதிக்கு அது அயற்பொருளே. அதன்மீது குருதி உறைந்து படியலாம். படிந்தால் வட்டு அசையாது. இதனைத் தடுக்கவே வார்ஃபரின் போன்ற மாத்திரையை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியுள்ளது. கெட்டுப்போன தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் குருதி கொட்டி மாண்டதன் காரணத்தை ஆராய்ந்ததன் வழியே கிடைத்த மருந்து இது. எலி விஷமாகவும் விற்கப்பட்டது! கீரையிலுள்ள ‘கே’ வைட்டமின் இதன் ஆற்றலைக் குறைக்கும். ஆதலால் கீரையை விலக்க வேண்டுவதில்லை. அளவு நாளுக்கு நாள் மாறாதிருத்தலே வேண்டும். சாலையில் எளிதில் கிடைக்கும் நாட்டு மருந்துகளை மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடுவதும் மாத்திரையைத் தாமே நிறுத்துவதுமே பெரும்பாலும் கேடு விளைவிக்கின்றன.

உறைகட்டி வால்வை அடைத்துவிட்டால் வழிகள் இரண்டு. ஒன்று, மீண்டும் மார்பைத் திறந்து அறுவை செய்தல். தளர்ந்த உடல் அதனைத் தாங்குவது அரிது. மற்றொன்று, ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்தை நரம்பு வழியே செலுத்திக் கரைத்தல். செலவு குறைவு, ஆயினும் கரையும் கட்டியின் துணுக்கு மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைவிக்கலாம், குருதிப்பெருக்கும் நேரலாம். விரைந்து செலுத்தின் நன்மை மிகுமோ என்று புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் 120 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர். விரைவு முறையில் நூற்றுக்கு 64 பேரும், வழக்கமான முறையில் 53 பேரும் முழுப் பலன் பெற்றனர்; இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே எனக் கண்டனர். பலன் பெறாதோர் தொகையே நம்மைக் கலங்கச் செய்கிறது. பின்னர்த் துருக்கி மருத்துவர்கள் வேறொரு கரைப்பு மருந்தைச் சிறிய அளவில் மெல்லச் செலுத்தி நற்பயன் கண்டனர்.

எவ்வழியை மேற்கொள்வது என்பதை எதிரொலிப் படத்தில் தெரியும் கட்டியின் பருமனும், நோயாளியின் நிலையும், அறுவை வசதி அருகில் உண்டா என்பதுமே முடிவு செய்யும். கட்டி கரைந்த பின்னரும் மாத்திரையும் சோதனையும் தொடரும்.