ரிம்மின் உட்பக்கத்தை அளந்து வாங்குங்கள்

ஜீப் ராங்ளரைப் பாறைப் பாதையில் இறக்குகிறவர்கள் சீக்கிரமே மாற்ற நினைக்கும் பாகங்களில் ஒன்று டை ராட். 2007 முதல் 2018 வரை வந்த ஜேகே மாடலில், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் இந்தத் தண்டு ஆக்ஸிலுக்கு முன்னால் தாழ்வாகக் கிடக்கிறது. கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதை போன்ற இடத்தில் பாறை இடித்தால் இது வளைந்துவிடும். அதனால் தடித்த குழாயும் பெரிய பால் ஜாயின்ட்டும் உள்ள செட்டாக வாங்கி மாட்டுகிறார்கள். அதன் பிறகு பழைய ரிம்மைப் போட்டால் சில வண்டிகளில் சக்கரம் கரகரவென்று உரசுகிறது. ஏன் என்று நிதானமாகப் பார்த்துவிடலாம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

டம்ளர் மேல் டபராவைக் கவிழ்த்ததுபோல, ஹப், பிரேக் காலிப்பர், சக்கரத்தோடு திரும்பும் நக்கிள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது ரிம். டை ராடின் முனையும் அதற்குள்தான் இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிட அதிகம் ஒடிய வேண்டும். டை ராட் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் வண்டியில் இது சரியாக நடக்க, அதன் முனைகளைச் சக்கரத்தை ஒட்டி வெளியே தள்ளி வைத்தாக வேண்டும். ஆகவே கம்பெனி வண்டியிலேயே அங்கே இடம் குறைவு. அதில் பெரிய ஜாயின்ட், பெரிய நட், கிரீஸ் நிப்பிள் எல்லாம் வந்து சேர்கின்றன. வண்டியை உயர்த்தியவர்கள், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டான டிராக் லிங்க்கை நக்கிளின் அடியிலிருந்து மேலே மாற்றுவதும் உண்டு. அந்த முனை ரிம்மின் உள்சுவரை இன்னும் நெருங்கும்.

இங்கே உதவும் அளவுக்குப் பேக்ஸ்பேஸிங் என்று பெயர். ஹப்பில் பொருந்தும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள ஆழம் அது. ரிம்மைக் குப்புறப் போட்டு, விளிம்பின் மேல் ஒரு நேர்ச்சட்டம் வைத்து, போல்ட் துளை இருக்கும் முகம் வரை டேப்பை இறக்கினால் தெரிந்துவிடும். ஜேகேயின் ரூபிகான் வகைக்கு வரும் ஒரிஜினல் ரிம் 17 அங்குல விட்டம், 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது; வெளிப்பக்கம் என்றால் பிளஸ்) பிளஸ் 44. விளிம்புத் தடிமனையும் சேர்த்தால் பேக்ஸ்பேஸிங் சுமார் 6 அங்குலம். இது குறையக் குறைய உள்ளே இடம் கூடும் என்பதால், பெரிய ஸ்டியரிங் செட்டுக்கு வழக்கமாகத் தேடுவது 4.5 அங்குலத்தை ஒட்டிய ரிம்.

இந்த 4.5-ஐ எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 9 அங்குல அகலம், மைனஸ் 12 ஆஃப்செட். இதில் ஒரிஜினலைவிட உள்ளே சுமார் 37 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும்; வெளியே சக்கரம் 75 மில்லிமீட்டர் துருத்தும். அதற்குப் பதில் 8 அங்குல அகலத்தில் ஆஃப்செட் பூஜ்ஜியம் கிடைத்தால் உள்ளே அதே இடம்தான், ஆனால் வெளியே 50 மில்லிமீட்டர்தான் நீட்டும். டயர் கம்பெனி அந்த அகலத்தை அனுமதித்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். சக்கரத்தின் நடுக்கோடு வெளியே போகப் போக, ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும் விசை கூடுகிறது. பால் ஜாயின்ட்டும் ஹப் பேரிங்கும் சீக்கிரம் தேய்கின்றன. பலப்படுத்திய ஸ்டியரிங்குக்கு இடம் கொடுக்கப் போய் அதன் மேலேயே சுமை ஏற்றக் கூடாது. சக்கரம் வெளியே துருத்தினால்தான் அழகு என்று படங்களில் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் போட்டாலும் நடுக்கோடு வெளியேதான் போகும்.

பேக்ஸ்பேஸிங் ஒன்றாக இருந்தாலும் இரண்டு ரிம்கள் ஒன்றாகிவிடாது. 17 அங்குலம் என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். உள்ளே டயர் ஏறுவதற்காக விட்ட பள்ளம் அதைவிடச் சிறியது, அது எங்கே வருகிறது என்பது ரிம்முக்கு ரிம் மாறும். ஆகவே டயர் ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்க்கவேண்டும். டை ராட் முனையின் மேல் ஒரு உருண்டை களிமண்ணை அப்புங்கள். ரிம்மை மாட்டி, நட்டுகளை முறுக்கி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணைப் பிளேடால் வெட்டினால் அதன் தடிமன்தான் உங்கள் இடைவெளி. 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் எனக்கு மனம் ஒப்பாது. சேறு இறுகும், பொடிக்கல் சிக்கும், ஜாயின்ட் தேய்ந்து ஆடும். பேலன்ஸ் செய்கிறவர் ரிம்மின் உள்சுவரில் ஒட்டும் எடைக்கும் இடம் வேண்டும். அது எங்கே வரக் கூடாது என்று அவரிடம் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

ஸ்டியரிங்கை ஒடித்தால்தான் உரசும் என்று பலர் நினைக்கிறார்கள். டை ராட் முனை நக்கிளோடு சேர்ந்தே திரும்புவதால் அங்கே இடைவெளி ஏறக்குறைய மாறாது. நேராக நிற்கும்போதே தெரிந்துவிடும். ஒடிக்கும்போது ரிம்மை நெருங்கக்கூடியது குழாயும் அதை இறுக்கும் கிளாம்ப் போல்ட்டும். அதை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துத் தனியாகப் பாருங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கு ரிம் மட்டும் வாங்கிவிட்டுப் பழையதைப் பின்கதவில் தொங்கவிடுகிறவர்கள் அதிகம். முன் சக்கரம் பஞ்சரானால் அது அங்கே ஏறாது. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் மாட்ட வேண்டும். சரிவான பாறையில் இரண்டு முறை ஜாக்கி வைப்பது ஆபத்தான வேலை. ஐந்து ரிம்மாகவே வாங்குங்கள்.