கனவும் குறியும்

மக்கள் தம் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினைத் துயிலிற் கழிக்கின்றனர். அத்துயிலிடைத் தோன்றும் கனவினை வெறும் மயக்கமென்று தள்ளுவார் ஒருசாரார். வருவதுரைக்கும் வாக்கென்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகட்கும் இடையே மூன்றாவதொன்றும் உண்டு. வாய்திறந்து சொல்லவியலாத உள்ளக்கிடக்கையே கனவாகவும் நோயாகவும் புறத்தே வெளிப்படுகின்றது. அதனைக் கேட்டறிந்து ஆவன செய்தல் சுற்றத்தார் கடன் என்பதே அக்கொள்கை. நம் குறிஞ்சித்திணைப் புலவரும், வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த இரோகுவா மக்களும், ஒருவரையொருவர் அறியாதவராயிருந்தும், இதன்கண் பெரிதும் ஒத்திருத்தலை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நம் நாட்டு வழக்கினைக் காண்பாம். சங்கச் செய்யுட்களிலே தலைவி மெலிகின்றாள். அவள் கைவளை கழலுகின்றது. மேனியிற் பசலை படர்கின்றது. காரணம் களவொழுக்கம், அதனை அவள் தன் தாய்க்கு உரைக்க நாணுகின்றாள். மகளுற்ற நோய் இன்னதென்றறியாது கலங்கிய தாய் கட்டுவிச்சியை அழைக்கின்றாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி பார்க்கின்றாள். வேலன் வந்து கழங்கிட்டு நோக்கி, இது முருகனால் வந்த அணங்கென்று கூறுகின்றான். பின்னர் மனையிற் களம் அமைத்து, மணல் பரப்பி, மறியறுத்து, இரவில் வெறியாட்டு நிகழ்த்துவர். கட்டும் கழங்கும் வெறியும் தொல்காப்பியக் களவியலிலேயே கூறப்பட்டுள்ளன. ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியுள் ‘வெறிப்பத்து’ என்றே ஒரு பத்து அமைந்துள்ளது. காமக்கண்ணியார் என்னும் புலவர் வெறியாட்டினைப் பாடிய சிறப்பால் ‘வெறிபாடிய காமக்கண்ணியார்’ என்றே வழங்கப்பெற்றார்.

இங்கே நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுளது. வேலன் கூறிய குறி பிழையென்பதைத் தலைவி அறிவாள்; தோழியும் அறிவாள்; பாட்டைக் கேட்கும் நாமும் அறிவோம். தலைவியின் நோய்க்குக் காரணம் மலைநாட்டுத் தலைவனேயன்றி முருகன் அல்லன். அங்ஙனமாயின் வெறியாட்டு வீணோ எனின், அன்று. வீட்டார் அனைவரும் ஒருங்கு கூடி, ‘இவள் உள்ளத்தே யாதுளது?’ என்று வினவுதற்கு அஃதோர் வாயிலாயிற்று. வினா எழுந்தபின் தோழி வாளாவிருத்தல் இயலாது. அவள் உண்மையை வெளிப்படுத்துகின்றாள். அவ்வாறு வெளிப்படுத்துதலை நம் முன்னோர் ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரிட்டழைத்தனர். குறுந்தொகையின் 23ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் தோழி, குறி சொல்லும் அகவன் மகளை நோக்கி, அவள் இடையே பாடிய மலைப்பாட்டை மீண்டும் பாடுமாறு வேண்டுகின்றாள். அம்மலை தலைவனுடைய மலை. வேண்டியது ஒரு பாட்டு; உணர்த்தியதோ மறைந்திருந்த உண்மை. மறைந்த விருப்பினைப் பலர்முன்னே கொணர்ந்து அதற்கு வழிகாணுதலே குறியின் பயன் என்பது இதனால் விளங்கும்.

இவ்வழக்குச் சங்க காலத்தோடு ஒழிந்ததன்று. இலஞ்சிக்கு அணித்தாகிய மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலும் இதுவே கதையின் உயிர்நிலையாகும். திரிகூடநாதர் உலாவரக் கண்ட வசந்தவல்லி காதல்நோய் கொண்டு வாடுகின்றாள். மலைவளம் பாடிக்கொண்டு குறத்தி வருகின்றாள். கைபார்த்துக் குறி சொல்லுகின்றாள். தலைவன் பெயரைக் கூறுக என்று வசந்தவல்லி வேண்டியபோது, குறத்தி அதனை நேரே கூறினாளல்லள். பெண், சேர்தல், வல்லவன் என்னும் பொருள்தரும் சொற்களுள் அப்பெயரை மறைத்து விடுகதையாக்குகின்றாள். பின்னர்த் திரி, கூட, நாதன் என ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தானே விடை பகர்கின்றாள். வேலனுடைய குறி பிழைத்தது; குறத்தியின் குறி பலித்தது. ஆயினும் இருவர்க்கும் தொழில் ஒன்றே: ஒருத்தி சொல்லாததைப் பிறர் கேட்குமாறு செய்தல்.

குறத்தி ஒரு பெயரை விடுகதையாக்கியதுபோலத் தாம் கண்ட கனவினையே விடுகதையாக்கி ஊராரை விடைகூறச் செய்த மக்கள், கடலுக்கு அப்பால் வடஅமெரிக்காவில் இருந்தனர். அவரே இரோகுவா மக்கள். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனிக்கா என்னும் ஐந்து குடியினர், தம்முட் பொருது மடிந்த நிலை நீங்கி, ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே ஒரு கூட்டாட்சி அமைத்துக்கொண்டனர். ஏறத்தாழ 1722ஆம் ஆண்டில் டஸ்கரோரா என்பாரும் சேர, ஐந்து ஆறாயிற்று. பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நெடுமனை அவர்தம் உறைவிடம். ஆதலின் தம்மை ‘ஹாடினோசோனி’, அஃதாவது நெடுமனை மக்கள், என்று கூறிக்கொள்வர். தம் நாடு முழுவதையும் ஒரு நெடுமனையாகவே கருதினர். மோஹாக் மக்கள் அதன் கீழைவாயிற் காவலர், செனிக்கா மேலைவாயிற் காவலர், ஒனண்டாகா நடுவணுள்ள அவைத்தீயைக் காப்போர். குலத்தாயராகிய முதுபெண்டிரே தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் தவறியவரை நீக்கவும் உரிமையுடையர்.

அவர்தம் கனவுக் கொள்கையை நாம் அறிதற்கு அக்காலத்து இயேசு சபைக் குருமார் எழுதியனுப்பிய ஆண்டறிக்கைகள் பெரிதும் துணைபுரிகின்றன. இரோகுவா மக்களுக்கு மொழியால் உறவினராகிய ஹூரோன் மக்களிடையே வாழ்ந்த பால் ராகனோ என்னும் குரு, அவர்தம் கொள்கையை விரித்தெழுதினார். அக்கொள்கையின்படி, மனிதனுக்குத் தான் அறிந்த விருப்பங்களேயன்றி, உயிரின் ஆழத்தே தான் அறியாத விருப்பங்களும் உள. உயிர் அவற்றைக் கனவின் வாயிலாக உணர்த்தும். அவை நிறைவுறின் உயிர் அமைதியுறும். நிறைவுறாவிடின் தன் உடலையே பகைத்து நோயும் சாவும் விளைக்கும். வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு கனவுகளைப் பற்றிய தம் நூலை 1900 என்னும் ஆண்டுக் குறிப்போடு வெளியிடுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகட்கு முன்னரே இக்கருத்து அக்காட்டு மக்களிடையே வழங்கியது.

1656ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒனண்டாகா ஊரில் நிகழ்ந்த குளிர்கால விழாவினைக் கிளாடு தப்லோன் என்னும் குரு கண்டெழுதினார். கனாக் கண்டோர் மனைதோறுஞ் சென்று, தம் கனவினை வெளிப்படையாகக் கூறாமல் குறிப்பாலும் விடுகதையாலும் உணர்த்துவர்; மனையிலுள்ளார் அஃதின்னதென்று ஊகித்து, கனவு வேண்டிய பொருளை நல்குதல் வேண்டும். ஊகிக்கமாட்டாமையும் கொடாமையும் கனாக் கண்டார் உயிர்க்கே ஊறு விளைக்கும் என்று அஞ்சினர். தம்முடன் வாழ்வான் ஒருவன் உள்ளத்தை ஊகித்தறியும் பொறுப்பு ஊரார் அனைவர்மேலும் நின்றது. அதே ஆண்டு ஜனவரித் திங்களில்தான், அதே சபையைச் சேர்ந்தவரும், மதுரையில் தமிழ் கற்றுத் தமிழில் நூல் யாத்தவருமாகிய இராபர்ட் தெ நோபிலி மயிலையில் உயிர்நீத்தார். உலகின் இருகோடிகளில் ஒரே சபையார் அயல்மக்கள் உள்ளத்தை அறிய முயன்ற காலம் அது.

கனவினை ஊரார் கேட்டதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று கூறுவாம். அமெரிக்க விடுதலைப் போருக்குப்பின் இரோகுவா மக்கள் நிலமிழந்து, சாராயத்தால் நிலைகுலைந்தனர். 1799ஆம் ஆண்டில், குடியால் நலிந்து சாகுந்தறுவாயிற் கிடந்த ‘அழகிய ஏரி’ என்னும் பெயருடைய செனிக்காத் தலைவர் ஒருவர் தெய்வக்காட்சி கண்டெழுந்தார். குடியை விடுக, மனையறம் பேணுக என்னும் அவர் மொழியை மக்கள் கேட்டனர். அவர் போதனை இன்றும் நெடுமனைகளில் ஓதப்பெறுகின்றது.

நிற்க. கேளாது விடப்பட்ட கனவினால் விளைந்த கேட்டினை நமக்குக் காட்டுவார் இளங்கோவடிகள். தமிழிற் கனவு பற்றிய செய்திகள் பலவுள. திருக்குறளின் 122ஆம் அதிகாரம் கனவுநிலையுரைத்தல். எந்த யாமத்துக் கண்ட கனவு எத்துணைக் காலத்திற் பலிக்குமென்று கணக்கிடும் கனாநூலும் உளது. அதன்படி முதல் யாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்தது எட்டுத் திங்களிலும், மூன்றாம் யாமத்தது மூன்று திங்களிலும், கடையாமத்தது பத்து நாளிலும் பயன்தரும். ஆயினும் சிலப்பதிகாரத்து மூன்று கனவுகளே நம் பொருளுக்கு மிக இயைந்தன.

கனாத்திறம் உரைத்த காதையில், ஒரு பேரூரிற் கோவலன்மேல் பொய்ப்பழி சுமத்தப்பட்டதையும் தான் காவலன்முன் வழக்குரைத்ததையும் கண்ணகி கனாக்கண்டு தேவந்தியிடம் கூறுகின்றாள். தேவந்தி நல்லெண்ணமுடையாள், ஆயினும் பொய்கை மூழ்கிக் காமவேளைத் தொழுமாறு கூறினாளேயன்றிக் கனவின் பொருளை ஆராய்ந்தாளல்லள். அடைக்கலக் காதையிற் கோவலன் தன் தீக்கனவை மாடலனுக்கு உரைக்கின்றான். அதனைக் கேட்டும் மாடலனும் கவுந்தியடிகளும் பொழுது சாயுமுன் மதுரைக்குள்ளே செல்லுமாறு அவனை விடுக்கின்றனர். வழக்குரை காதையில், குடையும் செங்கோலும் வீழக் கண்ட பாண்டிமாதேவி அரசனிடஞ் சென்று உரைக்கின்றாள். அப்போது கோவலன் வெட்டுண்டு கிடக்கின்றான், கண்ணகி வாயிலில் நிற்கின்றாள். மூன்று கனவும் மெய், மூன்றும் சொல்லப்பட்டன, மூன்றும் பயனின்றி ஒழிந்தன. ஊழ்வினையின் வலிமையென்று இதற்கு விடை கூறலாம். அதனோடு, கேட்டார் கேட்கவேண்டிய முறையிற் கேட்டிலர் என்பதையும் நாம் கொள்ளுதல் தகும்.

இவ்விடத்துத் திருமறையை நினையாதிருத்தல் நம்மால் இயலாது. மத்தேயு நற்செய்தியின் முதலிரண்டு அதிகாரங்களில் மட்டும் ஐந்து கனவுகள் உள. யோசேப்பு கேட்டு எழுந்தான், குழந்தை உயிர்பிழைத்தது. எகிப்து மன்னன் தன் கனவின் பொருளை ஒரு சிறைக்கைதியிடம் கேட்டு அறிந்து தானியம் சேர்த்தான். பஞ்சகாலத்து மக்கள் உயிர்பிழைத்தனர். மறுபுறத்தே, நியாயாசனத்திலிருந்த பிலாத்துவுக்கு அவன் மனைவி தன் கனவைச் சொல்லியனுப்பினாள். அவன் அதனைப் பொருட்படுத்தாது, கைகழுவி, நீதிமானைக் கொலைக்கு ஒப்புவித்தான். பாண்டிமாதேவியும் பிலாத்துவின் மனைவியும் ஒரே தன்மையராய் நிற்கின்றனர் அன்றோ! எனினும் கனவெல்லாம் மெய்யென்று திருமறை கூறவில்லை. பொய்க்கனவு உரைப்பாரை எரேமியா கடுமையாகக் கண்டிக்கின்றார். கனவினை அளக்குங்கோல் அது அறத்தின்பாற் செலுத்துகின்றதா என்பதே.

இத்தகைய கேள்வி மிஷன் கல்லூரியிற் கற்கும் நமக்குப் பெரிதும் வேண்டற்பாலது. ஜோசப் பிராண்ட் என்னும் மோஹாக் தலைவர் மொழிபெயர்த்த மாற்கு நற்செய்தி 1787ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சேறியது. அங்கே வேதம் அவர் மொழியைத் தேடிச் சென்றது. ஆனால் பின்னாளில், கனடா நாட்டில் 1970 வரை நடைபெற்ற மோஹாக் இன்ஸ்டிடியூட் என்னும் விடுதிப்பள்ளியும் அதனையொத்த பிற பள்ளிகளும், சிறாரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழி பேசாவண்ணம் தடுத்தன. அவற்றிற் பல திருச்சபைகளின் பொறுப்பில் இருந்தவை. கனடாவின் ஆங்கிலிக்கன் சபை 1993ஆம் ஆண்டில் இதற்காக மன்னிப்புக் கோரியது. அந்நாட்டு உண்மை அறியும் ஆணைக்குழு 2015ஆம் ஆண்டில் அவ்வரலாறு முழுவதையும் தொகுத்து வெளியிட்டது. தமிழகத்திலோ கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும், வின்சுலோ 1862ஆம் ஆண்டில் பேரகராதியையும் வெளியிட்டனர். ஒரே நற்செய்தியைச் சுமந்து சென்றோருள் மக்கள் மொழியைக் கேட்டாரும் இருந்தனர். அதனை அடக்கினாரும் இருந்தனர். தமிழ் பயிலும் கிறிஸ்தவ மாணவர் இவ்விரண்டனையும் அறிந்திருத்தல் வேண்டும்.

கேட்கவேண்டிய குரல்கள் தொலைவில் இல்லை. பாபநாசத்திற்கு மேலுள்ள பொதிகைச் சாரலிலும் கன்னியாகுமரி, கேரள மலைகளிலும் காணிக்காரர் வாழ்கின்றனர். அவருள் ஒருவர் நோயுற்றால் ஊரார் கூடி, ஓரிரவு முழுதும் ஆடியும் பாடியும் வேண்டியும் அவர்க்குத் துணையிருக்கும் வழக்கத்தைத் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலிற் குறித்துள்ளார். பிலாத்தி என்னும் பூசகர், கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுவார். வெறியாட்டை ஏட்டிற் படித்துப் பொருள் எழுதும் நாம், அதற்கு உறவான பாட்டு நம் மலையிலேயே வழங்குவதைக் கேளாதிருத்தல் முறையாகாது.

அப்பாட்டுக்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை; பாடுவோர் முதியோர். குற்றாலத்து அருவியைக் காண ஆண்டுதோறும் செல்லும் நம்மனோர், விடுமுறைக் காலத்துச் சில நாட்களையேனும் அம்மலைமக்களிடஞ் சென்று, அவர் இசைவு பெற்று, அவர் பாட்டையும் கனவையும் குறியையும் அவர் மொழியிலேயே எழுதிக்கொள்வாராக. மூடநம்பிக்கையென்று இகழ்தலும் எளிது. பழம்பெருமையென்று புகழ்தலும் எளிது. பொறுமையோடு செவிகொடுத்தலே அரிது. அதுவே கற்றார் கடனாகும்.