சாவி பக்கத்து வீட்டில்

பிரான்சு நாட்டுக் கிராமங்களில் பழைய கல்வீடு வாங்கிப் படாதபாடு பட்ட ஆங்கிலேயர்கள், அந்தக் கதையைப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் எழுதுவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுகிறோம்.

எங்கள் சண்டைக்குக் காரணம் லாபிஸில் இருக்கும் வீடு. அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது இபிஎஃப் பணத்தில் வாங்கிய தாமான் வீடு, கடைசி வரிசையில் கடைசி. அப்பா போன பிறகு அம்மா என்னோடு கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். அண்ணன் ஜொகூர் பாருவில், அக்கா கிள்ளானில். வாரம் ஐந்து நாள் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்யும் எனக்கு, அலாரம் இல்லாமல் எழ முடிகிற ஒரே இடம் அதுதான்.

பிள்ளைகளுக்கு அங்கே சலிப்பே வராது. பக்கத்தில் வெந்நீர் ஊற்று. பெக்கோக் பக்கம் போனால் சுங்கை பந்தாங் நீர்வீழ்ச்சி. ஜூலை வந்தால் அப்பா நட்ட டுரியான் இரவில் விழும். ஒருமுறை அது அடுப்படித் தகரத்தைப் பொத்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டது. தகரம் மாற்ற நூற்றைம்பது வெள்ளி. பழம் என்னவோ அருமை.

இனி மறுபக்கம். 2021 ஜனவரியில் மாநில எல்லை மூடப்பட்டது. மறுபடியும் திறந்தது அக்டோபர் 11. ஒன்பது மாதம் கழித்துக் கதவைத் திறந்தால், சாமி மேடையைக் கரையான் பாதி தின்றிருந்தது. வாசலில் இருந்த பூந்தொட்டிகளில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் பக்கத்து வீட்டு மக்சிக் வந்து கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார். இல்லாவிட்டால் ஏடிஸ் கொசுப் புழுவுக்கு 1975ஆம் ஆண்டு பூச்சி ஒழிப்புச் சட்டத்தின்படி எங்களுக்கு அபராதம் வந்திருக்கும். பூட்டிக் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கள் சாவி அவரிடம்தான் இருக்கிறது. 2023 மார்ச் தொடக்கத்தில் சிகாமட், லாபிஸ், சாஆ, யோங் பெங் என்று வெள்ளம் பரவியபோது அந்தச் சாவியின் மதிப்பு புரிந்தது. நள்ளிரவில் மக்சிக் போன் செய்தார். தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டதாம். பாதை அடைபட்டிருந்ததால் நாங்கள் போக வழியில்லை. அவருடைய மகன்கள் எங்கள் வீட்டைத் திறந்து, குளிர்பெட்டியை மேசைமேல் ஏற்றி, அப்பாவின் படத்தையும் நிலப் பட்டாவையும் கூரைக்கடியில் வைத்தார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. அதே நேரத்தில் அவர்கள் வீட்டிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எதை முதலில் காப்பாற்றினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இப்படி ஒரு வீடு உங்களுக்கும் இருந்தால், காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வீடு நீண்ட நாள் ஆளில்லாமல் இருந்தால் என்ன நிபந்தனை என்பதையும் பாருங்கள். விடுமுறை வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த வரியில்தான். வங்கிக் கடன் முடிந்த பழைய வீடுகள் பலவற்றுக்குக் காப்புறுதியே இருப்பதில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு அண்ணன் விற்றுவிடலாம் என்றார். மதிப்பீட்டு வரி, நில வரி, புல் வெட்டும் கூலி, பெட்ரோல் எல்லாம் கூட்டிக் காட்டினார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் மக்சிக்கின் உழைப்பு அதில் ஒரு காசுக்குக்கூட இடம்பெறவில்லை என்று நான் சொன்னேன். பெருநாளுக்கு ஒரு பொட்டலம் பலகாரமும் ஒரு பச்சை உறையும் கொடுத்துவிட்டு, இத்தனை வருடமாக ஒரு காவலாளியை வைத்திருந்திருக்கிறோம். அக்கா யார் பக்கமும் சேரவில்லை. அம்மா மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார்.

இந்த ஆண்டு மக்சிக்கின் மகளுக்குக் கல்யாணம். புதுத் தம்பதிக்கு லாபிஸிலேயே வீடு வேண்டும். முன்னறை எங்களுக்கு, மீதி அவர்களுக்கு என்று பேசியிருக்கிறோம். பிளக் பாயிண்டுகளை நெஞ்சளவுக்கு உயர்த்தியாகிவிட்டது. வாடகையைப் பற்றி அண்ணனும் மக்சிக்கும் இன்னும் பேரம் பேசுகிறார்கள். அவர் குறைக்கச் சொல்ல, மக்சிக் கூட்டிக் கொடுப்பேன் என்கிறார். டுரியான் மட்டும் பாதிக்குப் பாதி என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.