ஸ்டுட்கார்ட் ஸ்டேஷனில் ரயில் பிடிக்க ஏன் இவ்வளவு நடக்கணும்?

போன வாரம் ஒரு நேயர் மெயில் அனுப்பியிருந்தார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போயிருக்கார். "ஏர்போர்ட்டிலிருந்து எஸ்-பான் பிடிச்சு மெயின் ஸ்டேஷனில் இறங்கினேன். அடுத்த ரயிலுக்கு ஒன்பது நிமிஷம் இருந்தது. ரெண்டு பெட்டியை இழுத்துக்கிட்டு கட்டுமானத் தடுப்புகளுக்கு நடுவே நடந்தேன், நடந்துகிட்டே இருந்தேன். ரயில் போயிடுச்சு. இவ்வளவு பணக்கார ஊரு, ஸ்டேஷன் ஏன் இப்படி?"னு கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனா பதில் சொல்ல முப்பது வருஷம் பின்னாடி போகணும்.

அந்த ஸ்டேஷன் கட்டடம் பால் போனாட்ஸ், ஃப்ரீட்ரிஷ் ஓய்கன் ஷோலர்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட்டுகள் வடிவமைச்சது. 1914-ல் வேலை ஆரம்பிச்சு, நடுவில் உலகப்போர் வந்து, 1928-ல்தான் முழுசா முடிஞ்சது. 16 தண்டவாளங்கள். எல்லாமே முட்டி நிற்கிற தண்டவாளங்கள். அதாவது ரயில் உள்ளே வந்த வழியாவேதான் வெளியே போகணும். டிரைவர் இறங்கி, மறுகோடிக்கு நடந்து போய், அங்கே ஏறி ஓட்டணும். இதைவிடப் பெரிய தலைவலி, வர்ற ரயிலும் போற ரயிலும் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கணும். ஒண்ணு குறுக்கே போகும்போது இன்னொண்ணு காத்திருக்கணும்.

1994-ல் ஒரு ஐடியா சொன்னாங்க: ஸ்டேஷனையே பூமிக்கடியில் 90 டிகிரி திருப்பி வெச்சுடலாம். ரயில் ஒரு பக்கம் சுரங்கத்தில் நுழைஞ்சு மறுபக்கம் வெளியே போயிடும். மேலே தண்டவாளம் இருந்த இடத்தில் புது ஊர்ப்பகுதியே கட்டலாம். இதுதான் 'ஸ்டுட்கார்ட் 21'. 16 தண்டவாளம் 8 ஆகும். 50 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். ஏர்போர்ட்டுக்கு இப்போ எஸ்2, எஸ்3-ல் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவா ஆகுது. புது வழியில் எட்டு நிமிஷம்னு கணக்கு.

பாதியா குறைச்ச தண்டவாளத்தில் அதிக ரயில் எப்படி ஓடும்? ஊரே இதைத்தான் கேட்டுச்சு. நம்ம பாஷையில் சொன்னா, சர்வரைப் பாதியாக்கிட்டு டிராஃபிக்கைக் கூட்டற மாதிரி. ஒவ்வொரு ரயிலும் பிளாட்பாரத்தில் நிக்கிற நேரம் குறைஞ்சா இது சாத்தியம்தான். எதிர்த்தவங்க வாதம் வேற: ஒரு ரயில் லேட்டானா, அடுத்த ரயிலுக்காகக் காத்து நிற்க இடமே இருக்காதே?

2010 ஆகஸ்டில் பழைய கட்டடத்தோட வடக்குப் பகுதியை இடிக்க ஆரம்பிச்சாங்க. செப்டம்பர் 30-ம் தேதி, பக்கத்துப் பூங்காவில் மரம் வெட்டறதைத் தடுக்க உட்கார்ந்தவங்க மேல போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடிச்சுது. பள்ளிப் பிள்ளைங்க கூட அங்கே இருந்தாங்க. நூறு பேருக்கு மேல் காயம். ஒரு பெரியவருக்குப் பார்வையே கிட்டத்தட்ட போயிடுச்சு. அந்த நடவடிக்கை சட்டவிரோதம்னு 2015-ல் கோர்ட் சொல்லுச்சு. அதனால கண்ணு திரும்ப வந்துடாது.

அப்புறம் ஹைனர் கைஸ்லர் என்கிற மூத்த அரசியல்வாதியை வெச்சு சமரசப் பேச்சு. அதை டிவியில் நேரடியா காட்டினாங்க. இன்டர்லாக்கிங், பிளாட்பாரச் சரிவுன்னு நாள் முழுக்கப் பேசினதை ஜனங்க உட்கார்ந்து பார்த்தாங்க. அங்கே முடிவானது ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட். ஆமா, நாம பண்ற அதே லோட் டெஸ்ட்தான். காலை பீக் ஹவரில் 49 ரயில் தாங்குமா, அதாவது பழைய பீக்கைவிட 30 சதவீதம் கூடுதல்? 2011-ல் சிமுலேஷன் 'தாங்கும்'னு சொல்லுச்சு. இன்புட்டே சரியில்லைன்னு எதிர்த்தவங்க சொன்னாங்க. லோட் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்து ரெண்டு டீம் சண்டை போடறதை நான் ஆபீஸிலேயே பார்த்திருக்கேன், எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

2011 தேர்தலில், 58 வருஷம் ஆண்ட கட்சி மாநிலத்தில் ஆட்சியை இழந்தது. ஃபுகுஷிமாவும் ஒரு காரணம். பசுமைக் கட்சியோட வின்ஃப்ரீட் கிரெட்ஷ்மான் முதல்வரானார், இந்தத் திட்டத்தை எதிர்த்தவர். நவம்பரில் வாக்கெடுப்பு வெச்சாங்க: மாநிலம் இதிலிருந்து விலகணுமா? 58.9 சதவீதம் பேர் வேணாம்னுட்டாங்க. வேற வழியில்லாம, தான் எதிர்த்த ஸ்டேஷனை அவரே கட்ட வேண்டியதாச்சு.

செலவு? 2009 ஒப்பந்தத்தில் உச்சவரம்பு 4.5 பில்லியன் யூரோ. இப்போ 11 பில்லியனைத் தாண்டிடுச்சு. தண்ணி பட்டா வீங்கற அன்ஹைட்ரைட் பாறைக்குள்ளே சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது ஒரு காரணம். கூடுதல் செலவில் மாநிலமும் நகராட்சியும் பங்கு தரணும்னு ரயில்வே வழக்குப் போட்டு, 2024-ல் முதல் சுற்றில் தோத்துடுச்சு.

திறப்பு விழா முதல்ல 2019-ன்னாங்க. அப்புறம் 2021, 2025, 2026. கடைசியா 2025 நவம்பரில், 2026 டிசம்பரும் நடக்காதுன்னு அறிவிச்சாங்க. 28 பூக்கிண்ணம் மாதிரி கான்கிரீட் தூண்கள் நிக்குது, பார்க்கவே அழகு. மாட்டிக்கிட்டது எங்கே தெரியுமா? பெரும்பாலும் நம்ம துறையில்தான். தண்டவாளம் ஓரமா சிக்னல் கம்பமே இல்லாம, ரயிலுக்குள்ளேயே அனுமதி காட்டற டிஜிட்டல் சிஸ்டம். இவ்வளவு பெரிய ஜங்ஷன் முழுக்க இதைப் போடறது ஜெர்மனியில் இதுதான் முதல் தடவை.

இனி நேயரோட பெட்டிக்கு வருவோம். புது ஹாலுக்குக் குழி தோண்ட, பழைய பிளாட்பாரங்களை நூறு மீட்டருக்கு மேல் வெளியே தள்ளி வெச்சிருக்காங்க. நீங்க நடந்தது அந்தக் குழியைச் சுத்தித்தான். இன்னொரு விஷயம்: எஸ்1 முதல் எஸ்6 வரை எல்லாமே ஸ்டேஷனுக்குக் கீழே ஒரே சுரங்கத்தில், ரெண்டே தண்டவாளத்தில் போகுது. ஒண்ணு நின்னா எல்லாம் நிக்கும். அதனால தம்பி, டிக்கெட் போடும்போது ஆப் காட்டற கனெக்‌ஷனை விட்டுட்டு, அதுக்கு அடுத்த ரயிலைப் பிடிங்க. நடுவில் ஒரு காபி குடிக்கலாம்.